எழுபத்திரண்டைக் கழித்தால் மீன்

இரண்டு கையிலும் மீன். காலுக்குக் கீழே எடை மெஷின். முள் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். பார்க்க முடியவில்லை. மீனின் வயிறு மறைத்துக்கொண்டிருந்தது.

வெண்ணாற்றில் தண்ணீர் நிறுத்திச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஆற்றைத் தடுத்துப் பிரித்துவிடும் மதகுப் பாலத்தை எங்கள் பக்கத்தில் சட்ரஸ் என்போம். அந்தச் சட்ரஸுக்குக் கீழே, விழுகிற தண்ணீர் பல வருஷமாகக் குடைந்து வைத்த மடுவில் மட்டும் ஆள் முழுகுகிற ஆழம் இருந்தது. தண்ணீர் வற்ற வற்றப் பெரிய மீனெல்லாம் அங்கேதான் வந்து ஒதுங்கும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து உருட்டிப் போட்டிருந்தேன். கட்லா எடுத்தது.

என் தலையைவிட அதன் தலை பெரிசு. இழுத்து இழுத்து, விட்டு விட்டு, கரைக்குக் கொண்டுவருவதற்குள் என் தோள்பட்டை கழன்றுவிட்டது. படித்துறையின் கடைசிப் படியில் மெஷினை வைத்து, எதிரே ஒரு செங்கல்லில் போனைச் சாய்த்து வீடியோ ஓடவிட்டு, மீனை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறி நின்றேன்.

வெள்ளிக்கிழமை மதியம். பாலத்து முனையில் டீக்கடை வைத்திருக்கும் ஜமால் கடையைச் சாத்திவிட்டுத் தொழப் போயிருந்தார். இருந்திருந்தால் ஒரு குரல் கொடுத்திருப்பேன், அவரும் ஓடிவந்து முள்ளைப் பார்த்துச் சொல்லியிருப்பார். அன்றைக்குக் கரையில் ஈ காக்காய் இல்லை. எங்கோ தூரத்தில் அறுவடை மெஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

போன்தான் படம் பிடிக்கிறதே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று புத்திக்குத் தெரியும். வாய்க்குத் தெரியவில்லை. பழக்கத்தில் கத்திவிட்டேன்.

"ரோஸி, எவ்வளவு?"

ரோஸலின் என் மனைவி. அவள் போய் இரண்டாவது கிறிஸ்துமஸும் கழிந்துவிட்டது.

விடுவதற்கு எதற்குப் பிடிப்பது?

போன வாரம் இந்தத் தொடரில், நீடாமங்கலம் ஸ்டேஷனில் நெல் மூட்டைகள் மேல் படுத்துத் தூங்கி ரயிலை விட்ட கதையை எழுதியிருந்தேன். போகிற போக்கில் தூண்டில் போடுவேன் என்றும் ஒரு வரி வந்துவிட்டது. உடனே ஒரு வாசகர், எந்த ஆற்று மீன் ருசி என்று கேட்டுவிட்டார். ஐயா, நான் அதற்குச் சரியான ஆள் இல்லை. பெரிய மீனைப் பிடித்தால் எடை போட்டுவிட்டுத் திரும்ப ஆற்றில் விட்டுவிடுகிறவன் நான்.

இதைக் கேட்டு எங்கள் ஊரில் சிரிக்காதவர்கள் குறைவு. தஞ்சாவூர் ஜில்லாவில் மீன் என்றால் குழம்பு. அதற்கு மேல் அதற்கு ஒரு வேலை இருப்பதாக யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜமால்தான் இதற்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னார். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. ஊர்ல எல்லாரும் அத வாயால சொல்றாங்க. நீங்க ஒருத்தருதாண்ணே நெசமாவே அளந்து போடுறீங்க!"

விடச் சொன்னது ரோஸலின். கருணையெல்லாம் இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு பெரிய கட்லாவைத் தோளில் போட்டுக்கொண்டு, திருவிழாச் சப்பரம் தூக்குகிறவனைப் போல நடந்து வந்தேன். அவள் அதைச் செதில் எடுத்து, நறுக்கி, தெருவுக்கெல்லாம் கொடுத்தனுப்பி, மீதியைப் பொரித்து, பாத்திரம் கழுவி முடிக்க ராத்திரியாகிவிட்டது. சதை வேறு பஞ்சு மாதிரி இருந்தது.

"சின்னதுன்னா கொண்டாங்க, ஆக்கித் தர்றேன். இந்த மாதிரி பெரிசு மாட்டிச்சுன்னா அங்கயே விட்டுட்டு வாங்க. அதுவாச்சும் முட்டை போட்டுப் பொழைக்கட்டும்" என்றாள்.

விட்டுவிட்டு வந்தால் யார் நம்புவது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நிற்கும்போது, "இந்தா பெரிசு" என்று கையை விரித்துக் காட்டினால் சிரிக்கிறார்கள். ஆகவே எடை வேண்டியதாகிவிட்டது.

கொக்கியும் தூளியும்

உயிரோடு இருக்கிற மீனை எடை போடுவது சந்தையில் மீன் நிறுப்பது மாதிரி இல்லை. எனக்கு அது புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று.

முதலில் ஜமாலின் கைத்தராசு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெட்டியின் எடை பார்க்க ஒரு கொக்கித் தராசு வைத்திருப்பார்களே, அது. துபாயில் இருந்து வந்தபோது கொண்டுவந்ததை எனக்குக் கொடுத்தார். ஒரு கட்லாவின் தாடையில் கொக்கியை மாட்டித் தூக்கினேன். எடை கிடைத்தது. மீனையும் விட்டுவிட்டேன். மறுநாள் அது சட்ரஸ் ஓரத்தில் வயிறு மேலே தெரிய மிதந்தது. தண்ணீருக்குள் எடையே இல்லாமல் வாழ்கிற உடம்பு, தன் மொத்த பாரத்தையும் ஒரு தாடை எலும்பில் தாங்க முடியுமா?

ரோஸலின் கேட்டாள். "ஒங்கள வாயில கொக்கி போட்டுத் தொங்கவிட்டா எடை காட்டும். அப்பறம் ஆளு இருப்பீங்களா?"

அடுத்தது தூளி. அவளுடைய பழைய நூல் சேலை ஒன்றை இரண்டாக மடித்து, குழந்தைக்குக் கட்டுகிற மாதிரி கட்டி, அதில் மீனைப் படுக்க வைத்துத் தராசில் மாட்டுவது. சேலையை முதலில் நன்றாக நனைக்க வேண்டும். உலர்ந்த துணி பட்டால் மீனின் மேலிருக்கும் வழுவழுப்பு துணியோடு வந்துவிடும், அப்புறம் அதற்குப் புண் பிடிக்கும். நனைந்த சேலையை மட்டும் தனியாக எடை போட்டு அதைக் கழிக்கவும் வேண்டும். நான் உலர்ந்த சேலையை எடை போட்டுக் கழித்துக்கொண்டிருந்தேன். ஈரத்தின் கனத்தையெல்லாம் மீன் கணக்கில் ஏற்றிக் கோவில் வாசலில் பெருமையடித்திருக்கிறேன். அதையும் அவள்தான் கண்டுபிடித்தாள்.

தூளி நல்ல முறைதான், இன்றைக்கும் அதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் மீன் ரொம்பப் பெரிசாகிவிட்டால் ஒரு ஆள் ஒற்றைக் கையால் தூக்கிப் பிடிக்க முடியாது. நடுங்குகிற கையில் தராசும் நடுங்கும், எண் நிற்காது.

தையல் டேப்பையும் விட்டுவைக்கவில்லை. மீனைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு நீளத்தையும், நடு வயிற்றின் சுற்றளவையும் அளந்து, சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, ஏதோ ஒரு எண்ணால் வகுத்தால் எடை வருமாம். மீனுக்கு இதைவிட சுகமான முறை இல்லை. எனக்குத்தான் சுகமில்லை. ஈரக் கையோடு அவ்வளவு பெருக்கல் போட்டு வந்த விடை பவுண்டில் இருந்தது.

கடைசியாக வந்து சேர்ந்ததுதான் குளியலறை மெஷின்.

நான்தான் சாக்கு

ரோஸலினுக்குச் சர்க்கரை வந்தபோது டாக்டர் எடையைக் கவனிக்கச் சொன்னார். எங்கள் மகள் ஜெனி, அப்போது நர்ஸிங் படித்துக்கொண்டிருந்தாள், ஏறி நிற்கிற மெஷின் ஒன்று வாங்கி வந்தாள். ரோஸலின் அதில் ஏறியதைவிட மீன் ஏறியதுதான் அதிகம்.

முறை சுலபம். சட்டையையும் கையையும் தண்ணீரில் நனைத்துக்கொள். மீனைக் குழந்தையைப் போலக் கிடைவாக்கில் அணைத்துக்கொண்டு மெஷினில் ஏறு. முள்ளைப் பார். மீனை விட்டுவிட்டு, தனியாக ஏறி, உன் எடையைக் கழி. மீதி மீன்.

இதில் ரோஸலின் ஒரு சட்டம் வைத்திருந்தாள். மீன் தண்ணீரை விட்டு வெளியே வந்த நொடியில் நான் மூச்சை அடக்கிவிட வேண்டும். "ஒங்களுக்கு எப்ப முட்டுதோ அப்ப அதுக்கும் முட்டும்" என்பாள். நான் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்க, அவள் சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து முள்ளைப் படிப்பாள். எனக்குத் தொந்தி வேறு. மீன் இல்லாவிட்டாலும் என்னால் அந்த முள்ளைப் பார்க்க முடியாது.

இரண்டாவது தடவை தனியாக ஏறுவதைச் சீக்கிரமே விட்டுவிட்டோம். அதற்குக் காரணம் என் உத்தியோகம். நெல் கொள்முதல் நிலையத்தில் பில் கிளார்க்காக இருந்தவன் நான். சீசன் தொடங்கும்போது வெறும் சாக்கு இவ்வளவு எடை என்று பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டால் அவ்வளவுதான். மூட்டையை வை, சாக்கைக் கழி, அடுத்த மூட்டை. ஒவ்வொரு சாக்காகப் பிரித்து எடை போட்டுக்கொண்டிருந்தால் நெல் முளைத்துவிடும்.

அந்தப் புத்தியை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். மீன் கணக்கில் நான்தான் சாக்கு. சாக்கின் எடை எழுபத்திரண்டு.

எப்போது பார்த்தாலும் எழுபத்திரண்டுதான் இருந்தது. "நான் ஆக்கிப் போடுற வரைக்கும் அது அசையாது" என்பாள் ரோஸலின். வீட்டுக்கு வந்ததும் நான் முள் காட்டிய எண்ணை மட்டும் சொல்வேன். ஜெனி வாய்க்குள்ளேயே எழுபத்திரண்டைக் கழித்து மீன் எடையைச் சொல்வாள். கல்யாணமாகி மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன பிறகும் போனில் அதே வழக்கம். நான் முள்ளைச் சொல்வேன், அவள் மீனைச் சொல்வாள்.

நெற்றியும் மின்விசிறியும்

ரோஸலின் போன பிறகு ஜெனி என்னை மஸ்கட்டுக்குக் கூப்பிட்டாள். நான் வரமாட்டேன் என்றேன். அங்கே ஆறு கிடையாது. மேல்மாடி வீட்டில், அவளும் மாப்பிள்ளையும் டூட்டிக்குப் போன பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எனக்கு முடியாது. அப்படியென்றால் திருச்சியில் முதியோர் இல்லம் ஒன்றில் இடம் கேட்கிறேன் என்றாள். அதற்கும் மாட்டேன் என்றேன். இரண்டு பேரும் அழுதோம்.

கடைசியில் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "சரிப்பா, தனியாவே இருங்க. ஆனா ஒழுங்கா சாப்பிடணும். ஒங்க எடை கொறைஞ்சிச்சுன்னு தெரிஞ்சா ஒரு வார்த்தை பேச மாட்டேன். டிக்கெட் போட்டு வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்."

நர்ஸ் அல்லவா. ஆஸ்பத்திரியில் ஒரு ஆளின் எடை இறங்கினால் அதற்கு என்ன அர்த்தம் என்று தினம் பார்க்கிறவள். ஒவ்வொரு ஞாயிறும் கேட்பாள், "எடை பாத்தீங்களா?" நானும் சொல்வேன், "அதே எழுபத்திரண்டு." மெஷினில் ஏறாமலேயே சொல்வேன். சத்தியமாக அது எனக்குப் பொய்யாகப் படவில்லை. சாக்கின் எடை சாக்கின் எடைதானே.

வீடியோவில் பேசும்போது போனை எப்படிப் பிடித்தாலும் என் நெற்றியும், மேலே சுற்றும் மின்விசிறியும்தான் அவளுக்குத் தெரியும். "மூஞ்சியக் காட்டுங்கப்பா" என்பாள். நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லிவிடுவேன்.

சோறு வடிக்கத் தெரியாதவன் இல்லை நான். ஒரு ஆளுக்கு வடிக்கத்தான் தெரியவில்லை. அளவு சரியாக வந்தாலும், தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எதிரே சுவர். இரண்டு வாய் போனதும் போதும் என்று ஆகிவிடும். அப்புறம் மெல்ல மெல்ல ரஸ்க்கும் டீயுமாக ஓட ஆரம்பித்தது. பசிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். பசிக்கத்தான் செய்தது. கூப்பிட ஆள் இல்லாத வீட்டில் பசி ரொம்ப நேரம் நிற்காமல் போய்விடுகிறது.

ஒருநாள் ஜமால் டீயைக் கொடுத்துக்கொண்டே என் இடுப்பைப் பார்த்தார். "என்னண்ணே, பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்கீங்க?"

"பெல்ட் பழசாயி நீண்டுபோச்சு ஜமால்" என்றேன். அவரும் விட்டுவிட்டார்.

மூன்று கிலோவா?

மறுபடி அந்த வெள்ளிக்கிழமைப் படித்துறைக்கு வருகிறேன். மூச்சு முட்டியது. மெஷினை விட்டு இறங்கித் தண்ணீருக்குள் இடுப்பளவு போய், மீனைக் கவிழாமல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டேன். உடனே கையை எடுத்துவிடக் கூடாது. அது களைத்துப் போயிருக்கும். செவுள் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டே, மெல்ல முன்னால் நகர்த்திக்கொண்டு, அதுவாகப் போகிற வரைக்கும் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். அதன் கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கோ அவசரமாகப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கக் கூடாதா என்றுகூடத் தோன்றியது.

வாலை ஒரு அடி அடித்து, என் முகமெல்லாம் தண்ணீராக்கிவிட்டு அது போய்விட்டது.

கரையேறிப் போனை எடுத்துப் பார்த்தேன். என் கால்களும் மெஷினும் தெளிவாக விழுந்திருந்தன. முள் ஆடி, ஆடி, எழுபத்தைந்தில் நின்றது.

எழுபத்தைந்தில் எழுபத்திரண்டைக் கழித்தால் மூன்று.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மூன்று கிலோவா? என் தோள்பட்டையைக் கேட்டுப் பார், மூன்று கிலோவா என்று! மெஷின் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். இந்தக் காலத்துச் சாமான் எதுதான் ஒழுங்காக இருக்கிறது என்று வாய்விட்டுத் திட்டினேன். முள் பூஜ்யத்தில் சரியாகத்தான் நின்றது. சந்தேகத்துக்கு நானே ஏறி நின்றேன்.

குனியாமலே முள் தெரிந்தது. முதலில் அதுதான் உறைத்தது. தொந்தியைக் காணோம்.

அறுபத்துமூன்று.

எழுபத்தைந்தில் அறுபத்துமூன்றைக் கழித்தேன். மீன் பன்னிரண்டு கிலோ. என் வாழ்நாளில் அதைவிடப் பெரிய மீனைப் பிடித்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய நேரம், ஆனால் உடம்பெல்லாம் பயம்தான் வந்தது. எப்போது போயிற்று இவ்வளவும்? யாரும் சொல்லவில்லையே. சொல்ல வீட்டில் யார் இருக்கிறார்கள்?

வீட்டுக்கு வந்தும் மனசு ஒப்பவில்லை. அலமாரியில் ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்று இருந்தது. போன தீபாவளிக்கு முன்னால் வாங்கியது. பிரிக்கவே இல்லை. அதைத் தூக்கி மெஷினில் வைத்தேன். சரியாக ஐந்து காட்டியது. மெஷின் மேல் குற்றம் இல்லை.

ஞாயிறு

ஜெனி கூப்பிட்டாள். வழக்கம் போல நெற்றியையும் மின்விசிறியையும் காட்டினேன்.

"இந்த வாரம் தூண்டில் போட்டீங்களாப்பா?"

"போட்டேன். ஒரு கட்லா மாட்டிச்சு."

"பெரிசா? முள்ளு என்ன காட்டுச்சு?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் இரண்டு பதில் இருந்தது. மீனை முழுசாகச் சொன்னால் நான் மாட்டிக்கொள்வேன். என்னை முழுசாக, அதே எழுபத்திரண்டாகக் காட்டினால் மீன் இளைத்துவிடும். வழக்கத்தை மட்டும் செய்தேன். முள்ளைச் சொன்னேன்.

"எழுபத்தஞ்சு."

"எழுபத்தஞ்சுல எழுபத்திரண்டு போனா... மூணு கிலோ!" மகள் சிரித்தாள். "மூணு கிலோவ ஏம்பா விட்டீங்க? அம்மா இருந்திருந்தா ரெண்டு வேளைக்குக் கொழம்பு வச்சிருப்பாங்களே."

"முள்ளு ஜாஸ்திம்மா" என்றேன்.

"நீங்க நல்லா சாப்பிடுறீங்கல்ல?"

"ம்."

போனை வைத்துவிட்டாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மீன் பிடிக்கிறவன் சொல்கிற எடையில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் நம்ப வேண்டும் என்பார் ஜமால். உலகத்தில் தூண்டில் போடுகிற எல்லோரும் கூட்டித்தான் சொல்வார்கள். பிடித்த மீனைக் குறைத்துச் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இந்தத் தொடரை ஜெனி விடாமல் படிக்கிறாள். டூட்டி முடிந்து வேனில் வீட்டுக்குத் திரும்பும்போது போனில் படிப்பாளாம். போன வாரக் கதைக்குக்கூட, "ரயிலை விட்டீங்கன்னு அம்மா சொன்னதே இல்லையே" என்று அனுப்பியிருந்தாள். இதையும் அந்த வேனில்தான் படிப்பாள்.

ஜெனி, போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்த வீட்டை விட்டு வர மனசில்லை. இப்படியே இருக்கவும் பயமாக இருக்கிறது. மீனுக்காகத்தான் சொல்கிறேன் என்று வைத்துக்கொள், நம் வீட்டிலேயே பெரிய மீன் மூன்று கிலோ என்று போய்விடக் கூடாது பார். முள் எழுபத்தைந்து காட்டியது நிஜம். மீன் பன்னிரண்டு கிலோம்மா.

இந்தத் தடவை என்னைக் கழிக்காதே. மீனைக் கழித்துப் பார்.